ஷிப்ட் நாள் சர்க்கரை

என் சமையலைக் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. டாக்டரே சொன்னாலும் பிடிக்காது. சர்க்கரை இருப்பது என் வீட்டுக்காரருக்கு. ஆனால் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் என் பக்கம் திரும்பி, "சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிங்கம்மா" என்றார். வெறும் வயிற்றில் எடுத்தது ஒழுங்காகத்தான் இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததுதான் எகிறிக் கிடந்தது. இப்படியே போனால் இன்சுலின் ஊசி போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

இவர் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மிஷினை ஓட்டுகிறவர். ஊசிக்குப் போய்விட்டால் மிஷினில் ஏற்ற மாட்டார்கள், கீழே ஏதாவது லேசான வேலையில் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் பிளாக்கில் எல்லோரும் சொன்னார்கள். சம்பளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் லீவு நாளில்கூட அந்த மிஷினைப் பற்றியே பேசுகிற மனுஷனிடம் சம்பளத்தைச் சொல்லி என்ன செய்வது? கம்பெனியில் எடுக்கும் அடுத்த மெடிக்கல் செக்கப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் சரி செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு குளுக்கோமீட்டர் வாங்கினேன்.

சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். கேரியரில் ஒரு டப்பா முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல். கீரையையும் சுண்டலையும் முதலில் தின்றுவிட்டுத்தான் சோற்றைத் தொட வேண்டும், கை கழுவியதும் உட்காராமல் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஓய்வு நாளில் என் கண் முன்னால் அப்படியே செய்தார். விரலில் குத்திப் பார்த்தால் அளவு ஒழுங்காக வந்தது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவுடன் பார்த்தால் இருநூறைத் தாண்டியது. அதே அரிசி, அதே கை. கோளாறு என் அடுப்பில் இல்லை என்று அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது.

கேன்டீனில் வடை தின்கிறீர்களா என்று கேட்டேன். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நான் கேரியரைக் கழுவப் போனேன். கீரை வைத்த டப்பாவில் புளியோதரைப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் புளியோதரை செய்து மாதக்கணக்காகிறது.

அதற்குப் பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. சுரங்கத்தில் யாரும் தன் டப்பாவைத் தான் மட்டும் சாப்பிடுவதில்லையாம். பேப்பரை விரித்து எல்லா டப்பாவையும் நடுவில் திறந்து வைப்பார்களாம். தனியாக வைத்துத் தின்றால் அப்புறம் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாம். என்னுடைய கீரையும் சுண்டலும் முழுக்க ஒரே ஆளுக்குப் போகிறது என்பதும் வெளியே வந்தது. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. தன் புளியோதரையை இவர் பக்கம் தள்ளிவிட்டு என் டப்பாவை எடுத்துக்கொள்கிறார். "அவனுக்கு உன் சமையல்னா உசுரு" என்றார் இவர். ஒரு நிமிடம் குளிர்ந்துதான் போனேன். மறு நிமிடம் அந்த ஆளை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள் என்றேன். நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

வந்தார். இலை போட்டேன். பாயசம், அப்பளம் எல்லாம் இருந்தும் அவர் கை முதலில் சுண்டலுக்குப் போனது. அடுத்து கீரை. கடைசியில் கொஞ்சமாகச் சோறு. பாயசத்தைத் தொடவே இல்லை. கை கழுவியதும் உட்காராமல் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்க ஆரம்பித்தார். திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். உங்களுக்கும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்குதுங்க அண்ணி. வூட்ல தெரியாது. தெரிஞ்சா அது அழுதுகினே கெடக்கும், நாலு பேரு கேப்பாங்க, கான்ட்ராக்டர் காதுக்குப் போயிடும். உங்க டப்பாவ வெச்சிதான் ஓட்டிகினு இருக்கேன்."

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவருக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரிந்துதான் டப்பாவைக் கொடுத்திருக்கிறார்.

"என்னை மிஷின்ல இருந்து இறக்குனா உக்கார ஒரு நாற்காலி குடுப்பாங்க. இவனை இறக்குனா கேட்டுக்கு வெளியதான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று கத்தினேன். சொல்லியிருந்தால் இன்னொரு கைப்பிடி கடலை ஊறப்போட்டிருக்க மாட்டேனா? நாளையிலிருந்து இரண்டு பேருக்கும் இங்கிருந்தே வரும், ஆனால் உங்கள் வீட்டில் சொல்லியாக வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் கறாராகச் சொன்னேன். முதலில் முடியாது என்றார். நான் விடவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் அடுப்படிக்குள் வந்து, வெளியே கேட்காத குரலில், "அக்கா, காலு எடுத்துடுவாங்களா?" என்றாள். மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தால் அதற்கெல்லாம் அவசியமே வராது என்று சொல்லி, பாதத்தில் புண் வராமல் தினமும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அழவில்லை அவள். எந்தக் கடலையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டாள். கொஞ்ச நாளில் அவள் கட்டிக்கொடுக்கும் கேரியரிலும் சுண்டல் போக ஆரம்பித்தது. பேப்பரில் எந்த டப்பாவைத் திறந்தாலும் இப்போது பரவாயில்லை.

மெடிக்கலில் சாப்பிட்ட பிறகு எடுத்த அளவு நன்றாகவே வந்தது. ஊசி வேண்டாம், இப்படியே இருங்கள் என்றார் டாக்டர். நான் ஜெயித்துவிட்டேன் என்ற தெம்பில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில் கேட்டேன், ஒருவேளை இறக்கிவிட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. ரவுண்டானாவைத் தாண்டியதும் இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"இறங்கியிருப்பேன். ஆனா நேரா வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். எங்கயாவது உக்காந்து அழுதுட்டுத்தான் வந்திருப்பேன்."