சும்மா நின்னு டீசல் குடிக்கிற பொக்லைன்

காலையில ஒரு கன்னத்துல சவர நுரையோட தெருவுல கத்துனது நான்தான். சிரிச்சவங்க நல்லா இருங்க.

வாய்க்கால் வெட்ட வந்த பொக்லைன், வேலையே இல்லாம என் வூட்டு வாசல்ல உறுமிக்கிட்டு நின்னுது. புகையெல்லாம் உள்ளே. என் பொண்டாட்டிக்கு வீசிங், மூச்சு விட முடியாம திணறுறா.

டிரைவர் மேலே உக்காந்து இட்லி தின்னுறான்.

"இன்னாடா, இட்லி வேவுறதுக்கா இஞ்சினு ஓடுது? நிறுத்துடா!"

"இஞ்சின் ஓடுனாதாண்ணே மீட்டர்ல மணி ஏறும். ஓனரு அதை வெச்சிதான் வாடகை வாங்குறாரு."

"உங்க ஓனரு வாடகைக்கு என் பொண்டாட்டி மூச்சு நிக்கணுமாடா?"

மொறைச்சிக்கிட்டே நிறுத்துனான். அவளுக்கு இப்போ பரவால்ல.

சும்மா நிக்கிற வண்டிக்கு மணிக்கணக்குல வாடகை கொடுக்குற புத்திசாலி யாருப்பா? தெரிஞ்சா கீழே கமெண்ட்ல சொல்லுங்க.

பொக்லைன் அப்புறம் ஸ்டார்ட் ஆவல. வாசலை அடைச்சிக்கிட்டு நிக்குது. என் பைக் உள்ளே இருக்குது.