வாடகைத்தாய் வினை ஆய்வகம்

குன்னூரில் எங்கள் ஆய்வகத்துக்கு சீல் வைக்க வந்த அன்று, நான் காமாக் கதிர் டிடெக்டருக்கு அடியில் அதைக் குளிர வைக்கிற கேனில் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அதை ஏற்றிப் போக லாரி வர வேண்டும். வடக்கே ஒரு முடுக்கி நிலையத்தில் பீம் டைம், அதாவது துகள் கற்றையைப் பயன்படுத்தும் நேரம், கேட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து, அப்போதுதான் கிடைத்திருந்தது. டிடெக்டர் சூடேறினால், மறுபடி வேக்கம் இழுத்துக் குளிர வைப்பதற்குள் எங்கள் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

எங்கள் வேலை இதுதான். நட்சத்திரத்துக்குள் அணுக்கருக்கள் நியூட்ரானைப் பிடித்துப் பிடித்துக் கனத்து, புதுத் தனிமங்கள் ஆகின்றன. அந்த வேகத்தை அளக்க வேண்டும். ஆனால் சில கருக்கள் நம் கையில் நிற்பதற்குள் சிதைந்துவிடும். அதனால் சிதையாத வேறொரு கருவை வேறொரு துகளால் அடித்து, நியூட்ரான் பிடித்தால் என்ன உண்டாகுமோ அதையே உண்டாக்கி, அதிலிருந்து வரும் காமாக் கதிரை எண்ணிக் கணக்குப் போடுவோம். இதற்கு சர்ரகேட் ரியாக்‌ஷன் என்று பெயர். பலகை தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும், ஆபீஸில் யாரோ அதை செல்போனில் மொழிபெயர்த்து, பதிலி என்று வர வேண்டிய 'சர்ரகேட்' வாடகைத்தாய் என்று வந்ததைப் பார்க்காமலே பெயின்டரிடம் கொடுத்துவிட்டார்கள். வாசலில் 'வாடகைத்தாய் வினை ஆய்வகம்' என்று பச்சை எழுத்தில் பளிச்சென்று இருந்தது. பின்வாசலில் வந்து போகிற நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

சுகாதார அதிகாரியான டாக்டரம்மா கவனித்துவிட்டார். பதிவு செய்யாத வாடகைத்தாய் மையம் என்று இரண்டு ஊழியர்களோடு வந்து நின்றார்.

எங்கள் டைரக்டருக்கு அறிவியலைத் தமிழில் சொல்வதில் பெருமை அதிகம். அன்று அது எங்களைக் குழியில் தள்ளியது.

"தாய்க்கரு நிக்கறதில்லீங்க டாக்டர், செதஞ்சு போயிருதுங்க. அதனாலதான் வேற கருவ வெச்சுப் பண்றோம்."

டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். புகை தள்ளிக்கொண்டிருந்த கேனைக் காட்டி, உள்ளே கரு இருக்கிறதா என்று கேட்டார். நைட்ரஜனிலும் அணுக்கரு உண்டல்லவா? பொய் சொல்லத் தெரியாத மனுஷன், கோடி கோடியாக இருக்கிறது என்றார்.

நான் குறுக்கே புகுந்து, இது மறைமுகமாக அளப்பது, நீங்கள் வயிற்றைத் திறக்காமல் சிறுநீரை வைத்தே கர்ப்பத்தைச் சொல்கிற மாதிரி என்று விளக்கினேன். கர்ப்பப் பரிசோதனையும் இங்கேயே நடக்கிறது என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அரக்கை உருக்கத் தொடங்கினார்கள். கேனில் ஊற்றாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று டைரக்டர் அழாக்குறையாகச் சொன்னார். டாக்டரம்மா ஊழியரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கருவச் சாக உட்டுப்போட்டு நான் ஊட்டுக்குப் போயி சோறு திங்க முடியுங்களா?"

டிடெக்டரோடு கேனை அப்படியே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பதற்காக ஆம்புலன்ஸை வரவழைத்தார். நான் மறுபடி விளக்க வாயெடுத்தேன். டைரக்டர் என் காலை மிதித்தார். கோயம்புத்தூரில் விவரம் தெரிந்தவர் பார்த்தால் புரிந்துவிடும், லாரியையும் அங்கேயே வரச் சொல்லலாம் என்பது அவர் கணக்கு.

சீசன் நெரிசல். எங்கள் லாரியில் போயிருந்தால் மலைப்பாதையில் பர்லியாறுகூடத் தாண்டியிருக்க மாட்டோம். சைரனைக் கேட்டதும் டூரிஸ்ட் வண்டிகள் ஒதுங்கின. ஆவியாகும் நைட்ரஜன் உள்ளே நிறைந்து மூச்சு முட்டாமலிருக்க ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். குளிரில் டாக்டரம்மா தன் சால்வையை எடுத்துக் கேனைச் சுற்றி அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னார்.

"பொழைச்சுக்குங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. பிழைத்துக்கொள்ளும் என்றேன்.

ஆஸ்பத்திரியில் கருத்தரிப்புப் பிரிவு டாக்டர் பார்த்துவிட்டு, இதில் கரு எதுவும் இல்லை, லேபிளில் போட்டிருக்கிற மாதிரி ஜெர்மேனியம் என்கிற தனிமத்தின் கட்டிதான் என்று சொல்லிவிட்டார். டைரக்டர் இந்த முறை டாக்டரம்மாவுக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். உடனே புரிந்தது.

டாக்டரம்மா கேனை எட்டிப் பார்த்து, ஆஸ்பத்திரி நைட்ரஜனைக் கொண்டுவரச் சொன்னார்.

"கொழந்தையோ நட்சத்திரமோ, இவ்வளவு தூரம் உசுரோட கொண்டாந்தாச்சு. நெறச்சுட்டே போங்க."

டிடெக்டர் குளிர் குறையாமல் முடுக்கி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் தேடிய அளவும் கிடைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நைட்ரஜன் ஊற்ற யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். வளைவில் கேனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் நான், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒருவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.