பதியாத வீட்டுக்காரர்

வவுனியாவில் நான் கணினி திருத்தித் திரிந்த காலத்தில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். மெலிந்த மனிதர். வீட்டுக்குள்ளும் சட்டை போட்டிருப்பார். பேச்சுக்கு நடுவே சட்டைப் பையைத் தடவி, யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் காட்டிப் பழகிய அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

"அயல் வீட்டுப் பெடியள் என்ர இன்ரநெற் ரௌட்டரைப் பாவிக்கிறாங்கள் தம்பி. அவங்கள் அதில ஏதும் அனுப்பினா, பொலிசுக்காரர் என்னையெல்லே பிடிச்சுக் கேப்பினம்" என்றார்.

பதிந்த கணினிகளை மட்டும் உள்ளே விடும்படி ரௌட்டரை அமைத்து, பதியும் விதத்தையும் காட்டினேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பதிவெல்லாம் நான் பாக்கிறன். நீங்கள் போங்கோ."

மறுநாளே, தன் கணினி இணையவில்லை என்று கூப்பிட்டார். மகளின் கணினியைப் பதிந்திருந்தார். வாடகை அறையில் இருந்த ஆசிரியருடையதையும் பதிந்திருந்தார். தன்னுடையதைப் பதியவில்லை.

"சொந்த வீட்டில எனக்கென்னத்துக்குப் பதிவு?"

"இது உங்கட வீடெண்டு அதுக்குத் தெரியாது ஐயா."

"அப்ப வீட்டுக்குள்ளயும் ஒரு செக்பொயின்ற் வந்திட்டுது" என்று சிரித்தார்.

நான் சரிசெய்வதற்குள் மீண்டும் முயன்று பார்த்தார். கணினி இணைய மறுத்தது. உடனே எழுந்து நின்று, பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து ரௌட்டருக்கு நேரே நீட்டினார்.

அது பகிடியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சிரிக்கவில்லை.