ஏழால் வகுபட்ட டிராம் டிக்கெட்

தணிகாசலம் முந்திக்கொள்வதற்குள் வாசகசாலைப் பலகையில் இதை நானே ஒட்டிவிடுகிறேன்.

எங்கள் துறைமுக ஆபீஸ் கோஷ்டியின் சட்டம் தெரியுமல்லவா? காலை டிராமில் யார் டிக்கெட் நம்பர் ஏழால் மீதியில்லாமல் வகுபடுகிறதோ, அவர் எல்லோருக்கும் காபி வாங்க வேண்டும்.

இன்று எனக்கு வந்தது 458458. மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வந்தால் ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றாலும் வகுபடும். கணக்கே போட வேண்டாம்.

கல்மண்டபத்தில் ஏறிய மீன்கார அக்காவிடம், டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னா நைனா, செல்லாத டிக்கெட்டா?"

"நல்ல டிக்கெட்தான்கா. நம்பர்தான் எனக்கு ஒத்துக்கல."

"நம்பர்ல இன்னா கீது? இந்தா."

பார்க்காமலே சட்டைப்பையில் போட்டேன்.

இறங்கியதும், அதே டிராமில் வந்த எங்கள் கோஷ்டித் தணிகாசலம் கையை நீட்டினான். எடுத்துக் கொடுத்தேன். 458465. சரியாக ஏழு தள்ளி. அதுவும் வகுபடும்.

"நீ மாத்தினத பாத்துகினுதான் இருந்தேன்," என்றான். "நடுவுல ஆறு பேரு டிக்கெட் வாங்கினாங்களே, அதுல ஒருத்தரைக் கேக்கக்கூடாதா?"

பலகைக்குக் கீழே பென்சில் கட்டியிருக்கிறேன். அனுதாபம் எழுதலாம். காபி குடித்தவர்கள் எழுத வேண்டாம்.