இருக்கையில் வெட்டிய குழி

அந்த டிராக்டர் இருக்கை கிழிந்திருந்த இடம் சரியில்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அதில் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கத்தால். தேய்வதென்றால் இடது விளிம்பு தேயவேண்டும், இல்லாவிட்டால் நட்டநடு. இதுவோ வலது விளிம்பில், தையல் ஓரமாக, ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் மழைத்தண்ணீரைக் குடித்து, பாலில் ஊறிய பாண்போலக் கிடந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஜெர்மன் பேசும் மலைநாடு ஒன்றில், துன் ஏரிக்கு மேலே சரிவில் இருந்த ஒரு பண்ணையில் என் கணவர் வேலை செய்தார். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு, வேலை அனுமதி வந்த பிறகு அகப்பட்ட முதல் வேலை அது. மாட்டுத் தொழுவத்துக்கு மேலிருந்த அறையும் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்திருந்த நான், அங்கே பால் வாளிகள் கழுவினேன்.

முதலாளி அறுபதை நெருங்கிய தனிக்கட்டை. கடும் உழைப்பாளி, வாய் ஓயாத பகிடிக்காரர். அவர் பேசும் மலைநாட்டு ஜெர்மன் எனக்குப் பிடிபடவில்லை. கணவர்தான் சாப்பிடும்போது தமிழில் சொல்லுவார்.

“எனக்கு அரைக் குண்டிக்காரன் எண்டு பேர் வைச்சிருக்கிறார். எப்ப பார்த்தாலும் ஒரு பக்கத்திலைதானே இருக்கிறாய், மற்ற அரையை ஊரிலை விட்டிட்டு வந்தனியோ எண்டு கேக்கிறார்.”

“அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓம், வீட்டைப் பாத்துக்கொள்ள விட்டிட்டு வந்தனான் எண்டன்.”

நானும் சிரித்தேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

மழை பிடித்து, புல் வெட்டமுடியாமல் எல்லாரும் முடங்கிய நாட்களில் கணவர் இருக்கையைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தார். முதலாளியின் தாயார் விட்டுப்போன மிதிக்கிற தையல் மெசின் ஒன்று வீட்டில் இருந்தது. கிழிசலைச் சேர்த்து, நெருக்கமாக, எறும்பு வரிசைபோல மிகச் சின்னத் தையல் போட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் பாடமென்றால் அப்படித்தான். தையல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்ல பிள்ளை. தையல் கண்ணுக்குத் தெரிந்தால் ஆசிரியை வெட்டிப் பிரித்துவிடுவார். பருத்தித் துணிக்கு அது சரி. இருக்கை உறையான றெக்சினுக்கு ஒவ்வொரு ஊசிக்குத்தும் ஆறாத ஓட்டை. நெருக்கமான ஓட்டை வரிசை, தபால் முத்திரையைக் கிழிக்கப் போடும் துளைகளின் வேலையைத்தான் செய்யும். பொருட்களின் தன்மைகளைக் கல்லூரியில் படித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கை படித்தது முந்திக்கொண்டது.

வெயில் வந்த முதல் பின்னேரமே தையல் முழு நீளத்துக்கும் பிரிந்துபோனது.

அன்று முதலாளி பகிடி விடவில்லை. கணவரை முற்றத்தில் நிறுத்தி நெடுநேரம் கதைத்தார். கணவர் மேலே வந்து எனக்குச் சொன்னார்.

“சீற்றிலை பிழை இல்லையாம். இருக்கிறவனிலைதான் பிழையாம். சரிவிலை போகேக்குள்ளை ஒரு பக்கம் சாய்ஞ்சு இருந்தா மெசின் பிரண்டு என்னைச் சப்பிப்போடுமாம். அடுத்த வெயிலுக்கு நடுவிலை இருந்து ஓட்டாட்டி, அவர் வேறை ஆள் பாப்பாராம்.”

“நடுவிலை இருக்கிறதுக்கென்ன?”

“ஒண்டுமில்லை.”

மறுநாள் மழை திரும்பியது. நான் இருக்கையை மேசையில் கவிழ்த்து, கம்பி ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, உறையை முழுதாக உரித்தேன். ஸ்பொஞ்சை அடுப்புக்கு மேலே காயவைத்துவிட்டு பார்த்ததை வழக்கம்போல மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். வலப்பக்கம் தட்டையாகச் செத்துப்போயிருந்தது. இடப்பக்கம் பரவாயில்லை. நடுவில், பின்பக்கமாக, முதுகுத்தண்டு முடியும் இடம் வரும் பகுதி புதிதுபோலப் பொங்கி நின்றது. நாங்கள் வந்த பிறகு மாற்றிய இருக்கை அது; அந்த இடத்தில் ஒருவரும் இருந்ததில்லை. அவர் வலது பக்கம் சாய்ந்து இருந்தது சாய்வதற்காக அல்ல. அந்த ஓர் இடம் படாமல் இருப்பதற்காக.

சுவரில் சாய்ந்து சாப்பிடுவது. கதிரையின் நுனியில் மட்டும் உட்காருவது. பஸ்ஸில் இடமிருந்தும் நிற்பது. குப்புறப் படுப்பது. எல்லாம் தாமாக வந்து வரிசையில் நின்றன.

ஊரில் இராணுவத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்திருந்தார்கள், அடித்தார்கள் என்பது கலியாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டுக்குத் தெரியும். அப்போது எந்த வீட்டில்தான் அடி வாங்காத பெடியன் இருந்தான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

தொழுவத்திலிருந்து அவர் மேலே வந்ததும் பொங்கியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

“இஞ்சேருங்கோ, இந்த இடத்திலை உங்களுக்கு என்ன?”

 அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். பிளாஸ்டிக் குழாய்க்குள் மணல் இறுக்கி, கட்டித் தூக்கிவிட்டு அடிப்பார்களாம். வால் எலும்பு உடைந்ததை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. அது தானாகப் பொருந்தியபோது உள்பக்கம் வளைந்துபோயிற்று.

“இஞ்சை அகதி விசாரணையிலை சொல்லேல்லையோ?”

“டைப் அடிச்சுக்கொண்டிருந்தது ஒரு பொம்பிளை. என்ரை தங்கச்சி வயசு. எங்கை அடிச்சவை எண்டு கேட்டினம். கால் எண்டு சொன்னன்.”

வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அளவு எடுக்கவேண்டும் என்றுதான் தோன்றியது.

ஒரு பலகையில் மாட்டுத் தவிட்டை ஈரமாகப் பரப்பி, மேலே துணி விரித்து, அதில் அவரை இருக்கச் சொன்னேன்.

“என்னையும் கண்டுக்குட்டி மாதிரி அளக்கிறீர்,” என்றார்.

“கண்டுக்குட்டி கதைக்காது. நேரா இருங்கோ.”

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து எழுந்தார். தவிட்டில் விழுந்த பதிவைப் பத்திரிகைத் தாளில் வரைந்தேன். எந்த இடம் பாரம் தாங்கலாம், எந்த இடம் தாங்கக்கூடாது என்று பென்சிலால் கோடு போட்டுப் பிரித்தேன். ஸ்பொஞ்சின் பின்பக்க நடுவில், வெட்டிய கேக் துண்டு அளவுக்கு ஒரு குழி தோண்டினேன். செத்த வலப்பக்கத்தைப் பழைய மெத்தைத் துண்டால் நிரப்பினேன். உறைக்கு, களஞ்சியத்தில் கிடந்த, சமையலறையில் உட்காரும் பழைய வாங்கு ஒன்றின் றெக்சின் கிடைத்தது. கடும் பச்சை. இம்முறை தையல் நீளமாக, இடைவெளி விட்டு, இரட்டை வரி. ஆசிரியை பார்த்திருந்தால் பிரித்திருப்பார்.

தைக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் குழாயும் இந்த றெக்சினும் ஒரே பிளாஸ்டிக். விறைப்பாக வார்த்தால் குழாய்; எண்ணெய்போல ஒன்றைக் கலந்து இளக்கி, துணியில் பூசினால் இருக்கை. பரீட்சைக்குப் பாடமாக்கிய விஷயம். அதை அவருக்குச் சொல்லவில்லை.

வெயில் வந்தது. அவர் நடுவில் இருந்து, நேராக நிமிர்ந்து, சரிவு முழுவதும் புல் வெட்டினார். களஞ்சிய வாசலில் கைகட்டி நின்று பார்த்த முதலாளி, என் பக்கம் திரும்பித் தன் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அன்றிரவு கணவர் ஒரு கோப்பைச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். நின்றபடிதான்.

அதன் பிறகு ஒரு காலை, கணவர் தொழுவத்தில் நின்றபோது, டிராக்டரை நகர்த்த முதலாளி தானே ஏறினார். நான் வாளி கழுவும் இடத்திலிருந்து பார்த்தேன். இருந்தார். அசைந்து பார்த்தார். எழுந்து, இருக்கையின் பின்பக்கத்தைக் கையால் அழுத்தினார். பெருவிரல் உள்ளே போனது. உறையின் மேலாகவே அந்தக் குழியின் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினார். இறங்கி என்னைப் பார்த்து, தன் முதுகின் அடியைத் தொட்டுக் காட்டி, கேள்விபோல முகத்தை வைத்தார். நான் வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும்.

அன்று மதியம், துன் நகரத்தில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். கணவர் தலையாட்டி மறுத்தார். “நூட்,” என்றார். ஒன்றுமில்லை என்பதற்கு அந்த ஊர்ச் சொல். முதலாளி வற்புறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து எல்லாம் மாறியது. பால் நிறைந்த கானைக் கணவர் கையிலிருந்து வாங்கித் தானே தூக்கினார். சாப்பாட்டு வாங்கில் ஒரு தலையணை வைத்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

“அந்தாள் இப்ப பகிடி விடுறேல்லை,” என்றார் கணவர்.

“நல்ல மனுசன். பாவம் எண்டு பாக்கிறார்.”

“அதுதான் ஏலாமல் கிடக்கு. என்னைப் பாக்கேக்குள்ளை அவருக்கு அது தெரியுது.” பிறகு, கோபமில்லாமல், கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: “குழி வைக்காமல் செய்ய ஏலாதோ?”

“ஏலாது.”

“ஓம்,” என்றார். “நல்ல சீற்தான்.”

கடைசிப் புல் வெட்டு முடிந்ததும் அவர் தாமாகவே வேலையை விட்டார். முதலாளி போகச் சொல்லவில்லை. குளிர் முடியும்வரை அறையிலாவது இருங்கள் என்றார். கணவர் ஒப்பவில்லை. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். காலையிலிருந்து இரவு வரை நிற்கவேண்டிய வேலை. அதனால்தான் அதைத் தேடினார். அறை, ஹோட்டலுக்குப் பின்னால் நிலத்தடியில் இருந்தது. யன்னலில் நடப்பவர்களின் கால்கள் தெரிந்தன. அந்தக் குளிருக்குள் அவர் கால்களில் நரம்பு முடிச்சுகள் புடைத்தன.

வசந்தத்தில், விட்டுவந்த சட்டியை எடுக்க நான் மட்டும் பண்ணைக்குப் போனேன். டிராக்டர் வெளியே நின்றது. பச்சை உறை குளிரைத் தாங்கியிருந்தது. ஒரு தையல்கூட விடவில்லை. வெட்டியெடுத்த ஸ்பொஞ்ச் துண்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அதைக் காட்டி, குழியை நிரப்பித் தரட்டுமா என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். முதலாளி துண்டைக் கையில் வாங்கி, உருட்டிப் பார்த்துவிட்டு, திருப்பித் தந்தார்.

“குழி இருக்கட்டும். அவன் வந்தால் தேவைப்படும்,” என்றார்.

இரவு கணவர் வேலை முடிந்து வந்தார். சுவரில் சாய்ந்து, கோப்பையைக் கையில் ஏந்திச் சாப்பிடத் தொடங்கினார்.

“முதலாளி என்னவாம்?”

“சுகமா இருக்கிறார்.”

“ஏதும் பகிடி விட்டவரோ?”

“ஓம்.”

“என்ன?”

நான் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

“ஊரிலை விட்டிட்டு வந்த மற்ற அரை வந்து சேர்ந்திட்டுதோ எண்டு கேட்டவர்.”

அவர் சத்தமாகச் சிரித்தார். சோறு புரைக்கேறியது. தண்ணீர் கொடுத்தேன், நின்றபடியே குடித்தார்.