முகத்தைப் பார்த்துப் பேசு

ஏற்காட்டில் காலை பத்து மணிக்கும் பொழுது விடியாத நாட்கள் உண்டு. மூடுபனி ஜன்னல் வழியாக எஸ்டேட் ஆபீசுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். டைப்ரைட்டரில் மாட்டிய காகிதம் நமத்துப்போகும். எதிர் மேஜையில் ஹெட் கிளார்க் இருக்கிறார் என்பதற்கு ஒரு நிழலும் ஓர் இருமலும்தான் அடையாளம். அந்த நாட்களில் நான் சரளமாகப் பேசுவேன். "ஏனுங்க, காப்பிக் கொட்டை லாரி அடிவாரம் தாண்டியிருக்குங்களா?" என்று நானே முந்திக்கொண்டு கேட்பேன். முகங்களே இல்லாத உலகம் எனக்கு அத்தனை சுகமாக இருந்தது.

வெயில் வந்தால் முகங்களும் வந்துவிடும். என் வாய் அடைத்துக்கொள்ளும். யார் பேசினாலும், வெளியே சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பேன். அப்படிக் கேட்டால் ஒரு சொல் தப்பாது. இதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருப்பதை ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு நரை விழுந்திருந்தது. எண்பதுகளில் எங்கள் ஆபீசில் அதற்குப் பெயர் திமிர்.

தற்காலிக டைப்பிஸ்டாக இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். வேலை நிரந்தரமானால் எஸ்டேட்டில் தனியாக ஒரு வீடு கிடைக்கும். இல்லாவிட்டால் மலையை விட்டு இறங்கி, சேலத்தில் அண்ணன் வீட்டுக் கும்பலில் போய் இருக்கவேண்டும். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் இங்க பேசிட்டிருக்கேன், நீ எங்கயோ பராக்குப் பாத்துட்டு நிக்கறே. சொல்றதைக் காதுல வாங்காத ஆளை எப்படி நிரந்தரம் பண்றது? திங்கக்கிழமை வா, கடைசியாப் பேசிப் பார்ப்போம்."

எனக்கு வந்ததே கோபம்! அவர் சொல்லி நான் அடித்த கடிதங்களில் ஒரு கமா பிசகியதுண்டா? கேட்டிருக்கலாம். வாய் வந்தால்தானே.

பக்கத்து மேஜைக்காரி கிளியூர்க்காரி, என் வயசுதான். "ஏம்புள்ள, கண்ணப் பாக்க முடியலைன்னா மூக்கப் பாரு. அவுங்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்றாள். ஹெட் கிளார்க்கிடம் அதைப் பழகிப் பார்த்தேன். நான் விடாமல் பார்த்த பார்வையில், பாவம், மனுஷர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைதுடையென்று துடைத்தார். இவள் மேஜைக்கடியில் குனிந்து சிரித்தாள். "மூக்கு வேண்டாஞ் சாமி, கண்ணையே பாத்துரு."

திங்கட்கிழமை பளிச்சென்று வெயில். மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து அவர் கண்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்பு என்று நினைத்திருந்தது கறுப்பே இல்லை. டிகாஷன் நிறம், ஓரத்தில் மெல்லிய சாம்பல் வளையம். அதற்குள் ஒரு ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு முன்னால் குட்டியாக நான். அவர் இமைக்கும்போதெல்லாம் நான் காணாமல் போய், மறுபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் உதடுகள் அசைந்தன. குரல் மட்டும், சேர்வராயன் கோயிலுக்கு அந்தப் பக்கம் எங்கோ மழை பெய்வதுபோல் கேட்டது. அழகாகக்கூட இருந்தது. அது நிற்கும்போதெல்லாம் "சரிங்க" என்றேன்.

அவர் எழுந்து கதவுப் பக்கம் திரும்பினார். பார்வை விலகியதும் எனக்குக் காது திரும்பி வந்தது.

"இத்தனை நாள்ல இன்னிக்குத்தாம்மா நான் சொல்றதை ஒழுங்காக் கேட்டிருக்கே" என்றார். "நாளைக்கே ஆர்டர் போடச் சொல்றேன்."

வீடு கிடைத்த சந்தோஷம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வராந்தாவில் நின்றபோது ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன புள்ள ஆச்சு?"

"நிரந்தரம் பண்றாராம்."

"அப்புறம் எதுக்கு அழுவுற? நொம்ப நேரம் பேசுனாரே, என்னதான் சொன்னாரு?"

"தெரியாது புள்ள" என்றேன். "நான் அவரைப் பாத்துட்டிருந்தேன்."