அழுக்காகாத சப்பாத்து

புஞ்சாக் ஆலாமில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் மணிக்கு ஒரு தடவை அதிர்ந்து, எழுந்து நட என்கிறது. வீடு வந்து சேரும்போது நடக்கவும் தெம்பில்லை, அதைக் கழற்றி வைக்கவும் தெம்பில்லை. ஆனால் அடி எண்ணும் எந்தக் கருவியையும் நான் முழுசாக நம்புவதில்லை. பத்து வயதிலேயே அப்படி ஒன்றை ஏமாற்றியவள் நான்.

அப்போது நாங்கள் தஞ்சோங் காராங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். விடிந்ததிலிருந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் இருப்பு. ஆலை வாசலில் வரிசையில் காத்துக் கிடக்கும்போது சிகரெட், கெட்டிப்பால் மிதக்கும் தே தாரிக் டீ. கிளினிக்கில் இரத்த அழுத்தமும் கொழுப்பும் கூடிவிட்டதாகச் சொல்லி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். எத்தனை அடி நடந்தார் என்று அது எண்ணும். அதை அட்டையில் எழுதி மாதம் ஒரு முறை காட்ட வேண்டும்.

அம்மா அன்றே வீட்டையும் ஒரு கிளினிக் ஆக்கிவிட்டார். கருவாட்டு டின் அலமாரி உச்சிக்குப் போனது. குழம்பில் உப்பைத் தேட வேண்டியிருந்தது. சுங்கை பெசார் கடையிலிருந்து, அப்பா போட்டுக்கொண்டு நடக்க வெள்ளைச் சப்பாத்து வந்தது. அப்பா டிமிக்கி கொடுப்பார் என்று தெரிந்து, அம்மா தினமும் மாலையில் என்னைக் காவலாகக் கூடவே அனுப்பினார். காவலுக்கு அனுப்பிய ஆள் எப்படிப்பட்டவள் என்று அம்மா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இரண்டு நாள் ஒழுங்காக நடந்தோம். மூன்றாம் நாள் வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் அப்பா கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கருவியைக் கழற்றி என் இடுப்பில் மாட்டினார்.

“கால் வலிக்குதும்மா. நீ ஓடிட்டு வா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத லா.”

தமிழ்ப்பள்ளித் திடலை நான் சுற்றிச் சுற்றி ஓடினேன். வீடு திரும்பும் வழியில் ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் நிற்கும். ஓடுகிற எனக்கு ஐஸ்கிரீம், உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கு நல்ல பெயர். உலகத்திலேயே சிறந்த ஏற்பாடு இதுதான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போதெல்லாம் அப்பா சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைத் தடவித் தட்டிக்கொண்டிருப்பார். சிகரெட் சாம்பலைத் தட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். சிகரெட் பற்ற வைக்காத நாள்களிலும் தட்டினார். அது எனக்கு உறைக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் நானும் கிளினிக்குக்குப் போனேன். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் அட்டையைப் பார்த்து அசந்துபோனார்.

“நடக்கும்போது நெஞ்சு அடைக்குதா? மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் ஒன்னும் இல்ல மிஸ்ஸி. இவ்வளோ நடக்கிறேனே, பாருங்க” என்று அப்பா அட்டையைக் காட்டினார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அத்தனையும் நான் நடந்த நடையாயிற்றே!

குட்டு உடைந்தது ஒரு சனிக்கிழமை. சப்பாத்தைக் கழுவ எடுத்த அம்மா, அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார். என் சிலிப்பரையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

“மாசக் கணக்கா நடந்த சப்பாத்தாங்க இது? கடையில இருந்த மாதிரியே இருக்கு. இவ சிலிப்பர்தான் தேஞ்சு ஓட்டையாயிருக்கு!”

எனக்குக் காதில் ஒரு திருகு. அப்பாவுக்குச் சோம்பேறி என்று தொடங்கி ஒரு மணி நேரம் அர்ச்சனை. “ஆமா, சோம்பேறிதான் லா” என்று அப்பா சிரித்தார்.

அன்று மாலை அம்மாவே அப்பாவை இழுத்துக்கொண்டு நடந்தார்; நானும் பின்னால் போனேன். கருவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. பாலத்துக்கு வந்ததும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஆரம்பிச்சாச்சா நாடகம்? எழுந்திரிங்க” என்றார் அம்மா.

“அப்பா நடிக்கிறாங்க!” என்று நான் கைதட்டினேன்.

அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். முகவாயிலிருந்து வேர்வை சொட்டியது. கை சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

பக்கத்து வீட்டு மாமாவின் காடியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அப்பா பிழைத்தார், ஆனால் லோரியை அதன் பிறகு தொடவில்லை. நெஞ்சு வலி என்று கிளினிக்கில் சொன்னால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் தோட்டம் கொடுத்த வீடும் போகும், வீட்டில் சொன்னால் அம்மா கிளினிக்குக்கு இழுத்துப் போவார் என்று மூன்று மாதமாக வலியை மறைத்திருக்கிறார். நோயாளி என்ற பெயரைவிட சோம்பேறி என்ற பெயர் அவருக்கு மலிவாகப் பட்டிருக்கிறது. கடைசியில் வீடும் போனது. இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆனது.

அன்று ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்தது வேறு. அப்பாவின் சட்டையையும் சப்பாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார்கள். கருவியும் அதற்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நானூற்றுச் சொச்சம் அடிதான் காட்டியது. இதை அட்டையில் எழுதினால் மிஸ்ஸி அப்பாவை ஏசுவாரே என்று பயந்துபோனேன். அம்மா கதவையே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். நான் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வேகவேகமாக நடக்க ஆரம்பித்தேன்.